பின்சீட்டின் எடை

ஏப்ரல் முடியப்போகிறது. கராஜ் வாசலில் பனி இன்னும் கிடந்தது. மணலும் உப்பும் கலந்து பழுப்பாகிப்போன பனி. ஆர்லன் லாட்டி தன் பைக்கின் பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றி முடித்துவிட்டு எழுந்து நின்றான். பழைய ஸ்பிரிங் மேஜைமேல் எண்ணெய்த் துணியில் கிடந்தது.

சமையலறைக் கதவு திறந்தது. அவன் மனைவி கொரின் எட்டிப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா?"

"மாட்டியாச்சு. இனி அளவு பாக்கணும். கார்டி வர்றான். நீ ரைடிங் டிரெஸ்ஸ மாட்டிக்கிட்டு வா."

"முழுசாவா?"

"ஜாக்கெட், பூட்ஸ், ஹெல்மெட், எல்லாம். ரோட்ல என்ன எடையோ அந்த எடைதான் சீட்டுல உக்காரணும்."

அவள் கதவருகே நின்றாள். அவன் ஸ்பேனர்களைத் துடைத்து வரிசையில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

படுக்கையறை அலமாரியில் அக்டோபரில் மாட்டிய உடைகள் அப்படியே தொங்கின. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. உள்ளே ஒரு கம்பளிப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு அதன்மேல் மாட்டினாள். அப்போதும் பெல்ட் கடைசி ஓட்டையைத் தாண்டியது. மடித்துச் செருகினாள். ஜாக்கெட்டின் ஜிப்பை இழுத்தாள். கண்ணாடியில் ஜாக்கெட் நன்றாகத்தான் தெரிந்தது. தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் கெட்டியான தகடு வைத்துத் தைத்தது. உள்ளே யார் இருந்தாலும் அது அப்படித்தான் நிற்கும்.

கணையத்தில் கட்டி. மார்ச்சில் தெரிந்தது. வரும் வியாழக்கிழமை கணவரையும் அழைத்து வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொரின் ஆர்லனிடம் சொல்லவில்லை. பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் வந்துகொண்டிருந்தாள்.

பயத்தால் அல்ல. அவன் தானாகப் பார்க்கட்டும் என்று இருந்தாள்.

ரயில்வேயில் சிக்னல் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன் அவன். தெருவில் போகும் காரின் சத்தத்தை வைத்து எந்தச் சக்கரத்தில் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்வான். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவளைப் பார்க்க அவனுக்கு எவ்வளவு நாளாகும்? குளிர்காலம் முழுவதும் போய்விட்டது. அவள் பாதியில் தட்டைத் தள்ளினால், "உனக்கு வேண்டாமா?" என்று கேட்டு அதையும் சாப்பிட்டான். ஒரே ஒருமுறை, "டயட் நல்லா வேலை செய்யுது போல" என்றான். அவள் டயட் எதுவும் இருக்கவில்லை.

வியாழனுக்குள் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லித் தெரிவதும் பார்த்துத் தெரிவதும் ஒன்றல்ல என்று நினைத்தாள். இன்னும் சில நாள் இருந்தது.

அவளுக்காக அவன் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. செப்டம்பரில் மோன்டானா மலைகளிலிருந்து திரும்பும்போது, ஹெல்மெட்டிலிருந்த மைக்கில், முதுகு வலிக்கிறது என்றாள். கட்டி அப்போதே முதுகைத் தொட ஆரம்பித்திருந்தது என்று பிறகு டாக்டர் சொன்னார். ஆர்லனுக்கு அது பின்சீட்டின் கோளாறாகக் கேட்டது. ஊருக்கு வந்ததும் சீட்டைக் கழற்றினான். பழைய ஃபோமை வெட்டி எறிந்துவிட்டுக் கெட்டியான ஃபோமை ஒட்டினான், நடுவில் முதுகுத்தண்டு முடியும் இடத்தில் பள்ளம் விட்டு. முழங்கால் அதிகம் மடங்காமலிருக்க அவளுடைய ஃபுட்ரெஸ்ட்டை இறக்கினான். பின்பெட்டியின் முகப்பில் சாய்வு பொருத்தினான். முன்கண்ணாடியை உயரமானதாக மாற்றினான். சீட்டுக்குள் சூடேற்றும் கம்பியைப் பதித்து, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வைத்து இழுத்தான். ஒவ்வொன்றும் முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"இப்ப எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"முதுகு?"

"வலிக்குது."

அவன் தலையை ஆட்டினான். யோசித்தான். பிறகு ஸ்பிரிங் என்று முடிவுக்கு வந்தான். வண்டி பாதி பந்தயத்துக்குச் செய்தது, பாதி நெடுந்தூரத்துக்குச் செய்தது. ஒருவர் ஓட்டினால் பறக்கும். இரண்டு பேரும் மூன்று பெட்டிச் சாமானும் ஏறினால் பழைய ஸ்பிரிங் தாங்காது. "பள்ளத்துல இறங்குற அடியெல்லாம் நேரா உன் முதுகுக்குத்தான் போகுது. அதான் இன்னும் வலி போகல" என்றான். இரண்டு பேரின் எடையையும் எழுதி அனுப்பிப் புது ஸ்பிரிங் வரவழைத்தான். அவள் எடையைக் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும்.

கார்டி டோனட் பெட்டியோடு வந்தான். ஆர்லனோடு ரயில்வேயில் இருந்தவன். அதே மாதிரி பைக் வைத்திருப்பவன். குளிர்காலத்தை அரிசோனாவில் கழித்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தான்.

"என்னடா, வெயில்ல நல்லா வறுத்து அனுப்பியிருக்காங்க உன்னை" என்றான் ஆர்லன்.

"நீ ஐஸ் பெட்டியில மறந்துபோன மீன் மாதிரி இருக்க. பொறாமைப்படாத." கார்டி வண்டியைச் சுற்றி வந்தான். "அடேயப்பா. சாய்வு, சூடு, மெத்தை. இது பைக்கா, பல் டாக்டர் நாற்காலியா? கொரின் எங்க? இன்னும் உன்கூடத்தான் இருக்காளா, இல்ல நல்ல வண்டி வச்சிருக்கவனாப் பாத்துப் போயிட்டாளா?"

"நல்ல வண்டி வச்சிருக்கவன் எவன்னு சொல்லு, போறேன்" என்றபடி கொரின் படியிறங்கினாள்.

கார்டி சிரித்துக்கொண்டே திரும்பினான். வழக்கம்போல இரண்டு கைகளையும் விரித்து வந்து அவளை அணைத்தான். கைகளுக்குள் ஜாக்கெட் அமுங்கியது. அமுங்கிக்கொண்டே போனது. அவன் சிரிப்பு நின்றது. விலகி அவள் முகத்தைப் பார்த்தான்.

"கொரின்."

"சாக்லேட் டோனட் வாங்கினியா?" என்றாள். அவன் கண்களைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தாள். வேண்டாம் என்று.

"வாங்கினேன்" என்றான் கார்டி.

"சாப்பிடறது அப்புறம்" என்றான் ஆர்லன். "வண்டி சென்டர் ஸ்டாண்டுல இருக்கு. பின்சக்கரம் தொங்குது. அளந்துக்கோ."

கார்டி மண்டியிட்டு, சக்கர அச்சிலிருந்து மேலே பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த அடையாளத் துண்டு வரை டேப்பால் அளந்தான். ஸ்டாண்டிலிருந்து வண்டியை இறக்கினார்கள். ஆர்லன் ஏறி உட்கார்ந்து இரண்டு கால்களையும் ஊன்றினான்.

"ஏறு."

கொரின் அவன் தோளைப் பிடித்தாள். காலைத் தூக்கினாள். சீட்டின் உயரத்துக்கு வரவில்லை. இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினாள். கார்டி அவள் முழங்கையைத் தாங்கி ஏற்றிவிட்டான்.

"பூட்ஸ் மாட்டிக்கிச்சா?" என்றான் ஆர்லன், திரும்பாமல்.

"ஆமா."

"நேரா உக்காரு. ஆடாத. கார்டி, பாரு."

கார்டி பார்த்தான். வண்டி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று முன் அளவிலிருந்து கழித்துச் சொன்னான். "இருபத்தெட்டு."

"முப்பத்தஞ்சு வரணும்."

"இருபத்தெட்டுதான் இருக்கு."

"டேப்பை நேரா பிடி."

"நேராத்தான் பிடிச்சிருக்கேன். என்ன, அரிசோனாவுல அளக்கவும் மறந்துட்டேனா?"

இருவரும் இறங்கி ஏறினார்கள். கார்டி மறுபடி அளந்தான். அதே எண். ஏழு மில்லிமீட்டர் குறைவாக இறங்கியது. ஸ்பிரிங் வேண்டியதைவிடக் கெட்டி. கெட்டியாக இருந்தால் அடி இன்னும் அதிகமாக அவள் முதுகுக்குப் போகும் என்றான் ஆர்லன்.

"ஸ்பிரிங்கோட குமிழைத் தளத்தி விடு. சரியாயிடும்" என்றான் கார்டி. "ஏழு மில்லிக்கு ஏன் இந்தப் பாடு?"

"தளத்தினா சரியாயிடும். ஏன் வந்துச்சுன்னு தெரியணும்ல."

அவன் தேட ஆரம்பித்தான். இணைப்புக் கம்பிகளின் பேரிங்குகளுக்குக் கிரீஸ் போட்டிருந்தான், இருந்தும் ஒவ்வொன்றையும் கையால் ஆட்டிப் பார்த்தான். டயரில் காற்று அளந்தான். தரை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்தான். ஸ்பிரிங்கில் பொறித்திருந்த எண்ணை டார்ச் அடித்துப் படித்தான். மான்கறி வைத்திருந்த ஃப்ரீசர் மேல் கொரின் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். கராஜில் குளிர்ந்தது. கார்டி தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டான்.

"ஆர்லன்" என்றான் கார்டி. "கொரின் இளைச்சிருக்கா."

"அஞ்சு பவுண்டு பத்து பவுண்டு இருக்கும். அதுக்கு ஒண்ணு ரெண்டு மில்லிதான் வரும். ஏழு வராது." டார்ச் வெளிச்சத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. "தப்பான ஸ்பிரிங்கை அனுப்பியிருக்கான்."

கார்டி கொரினைப் பார்த்தான். அவள் தன் கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர்லன் ஸ்பிரிங் கடைக்குப் போன் போட்டான். கடைக்காரனின் குரல் எல்லோருக்கும் கேட்டது. அவன் சண்டை போடவில்லை. "தெரிஞ்ச எடை ஏதாவது சீட்டுல வச்சுப் பாருங்க சார். ஆள் எடை காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மூட்டை மாறாது" என்றான்.

கிணற்றுத் தண்ணீரின் கடினத்தைப் போக்கப் போடும் உப்பு மூட்டைகள் மூலையில் அடுக்கியிருந்தன. மூட்டைக்கு நாற்பது பவுண்டு. ஆர்லன் ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்தான்.

"ரைடிங் டிரெஸ்ஸோட கொரின் நூத்தி அறுபது" என்றான். "நாலு மூட்டை. கணக்கு சரியா வருது. பட்டையை எடு."

"இன்னைக்கு வேணாம்டா" என்றான் கார்டி.

"ஏன்?"

"பசிக்குது. போய் ஏதாவது சாப்பிடலாம். நான் வாங்கித் தர்றேன்."

"நீ வாங்கித் தர்றியா? ஏன், அங்க புதையல் கிடைச்சுதா? பட்டையை எடுடா."

நான்கு மூட்டைகளையும் பின்சீட்டில் ஏற்றிப் பட்டை போட்டு இறுக்கினார்கள். இரண்டு கீழே, இரண்டு மேலே. மேல் மூட்டைகள் சாய்வில் சாய்ந்து நின்றன. ஆர்லன் முன்னால் ஏறி உட்கார்ந்தான். வண்டி இறங்கியது. கண்ணுக்கே தெரிந்தது. கொரின் ஃப்ரீசர் மேலிருந்து பார்த்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் அவள் இடத்தில் உப்பு இருந்தது.

கார்டி மண்டியிட்டான். டேப்பைப் பிடித்தான். நெடுநேரம் பிடித்திருந்தான்.

"எவ்வளவு?"

"இருபத்தெட்டு" என்றான் கார்டி.

"பாத்தியா. சொன்னேன்ல. ஸ்பிரிங்தான் தப்பு." ஆர்லன் மூச்சு விட்டான். நிம்மதி போலிருந்தது. "திருப்பி அனுப்பிடலாம். ஜூன்ல கிளம்புறதுக்குள்ள வேற வந்துடும்."

கொரின் எழுந்து வந்தாள். கோட்டு தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"கார்டி."

"என்ன?"

"சரியாப் படி."

"படிச்சுட்டேன்."

"இங்கிருந்து பாத்தாலே தெரியுது. சரியாப் படிச்சுச் சொல்லு."

கார்டி டேப்பைப் பார்க்கவே இல்லை. "முப்பத்தஞ்சு" என்றான்.

"என்னது?" என்றான் ஆர்லன்.

"முப்பத்தஞ்சுடா. சரியா முப்பத்தஞ்சு."

"அப்ப ஏன் இருபத்தெட்டுன்ன?"

கார்டி எழுந்து முழங்காலைத் தட்டினான்.

"அப்ப ஸ்பிரிங் சரியாத்தான் இருக்கு" என்றான் ஆர்லன்.

அவன் வண்டியிலிருந்து இறங்கினான். ஸ்டாண்டை இழுத்துவிட்டான். ஒரு சிக்னல் விளக்கு எரியாவிட்டால் கம்பி கம்பியாகப் பார்த்து வருகிறவனின் முகம் அது. டேப் சரி. தரை சரி. பேரிங் சரி. ஸ்பிரிங் சரி. அவன் பட்டையைத் தளர்த்தினான். மேலிருந்து ஒரு மூட்டையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, மற்றதை இறுக்கிக் கட்டினான்.

"அளந்து பாரு."

"போதும் ஆர்லன்."

"அளந்து பாருடா."

அவன் ஏறி உட்கார்ந்தான். கார்டி அளந்தான். இந்த முறை பொய் சொல்லவில்லை.

"இருபத்தெட்டு."

ஆர்லன் இறங்கினான். எடுத்து வைத்த மூட்டையின் அருகே போய் நின்றான். நாற்பது பவுண்டு. குனிந்து அதைத் தூக்கினான். முன்பு தோளில் வைத்தவன் இப்போது இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான். அதன் எடையைப் பார்ப்பதுபோல் சற்று மேலும் கீழும் அசைத்தான். பிறகு அசைக்கவில்லை.

கார்டி தரையில் கிடந்த கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவன் பூட்ஸின் கீழ் பனி நெரியும் சத்தம் கேட்டது. வண்டிப் பாதையின் முனையில் சத்தம் நின்றது.

"எப்பலேர்ந்து?" என்றான் ஆர்லன்.

"நீ சீட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடியிருந்தே."

"முதுகு."

"ஆமா. அதுதான்."

அவன் வண்டியைப் பார்த்தான். சாய்வு, ஃபுட்ரெஸ்ட், கறுப்புத் தோல் சீட், அதற்குள் போகும் சிவப்புக் கம்பி. ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன். வியாழக்கிழமை உன்னையும் வரச் சொன்னாங்க."

"எதுக்கு?"

"அவங்க சொல்லுவாங்க."

"நீ சொல்லு."

"கணையம். கல்லீரலுக்கும் போயிருக்கு."

"சரி பண்ண..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை.

"இல்ல" என்றாள். "கொஞ்சம் தள்ளிப்போடலாம். அவ்வளவுதான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீயா பாப்பேன்னு இருந்தேன்."

அவன் அப்போதுதான் அவளைப் பார்த்தான். பூட்ஸிலிருந்து தொடங்கினான். மடித்துச் செருகிய பெல்ட்டில் நின்றான். ஜாக்கெட் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில் நின்றான். கன்னத்தில். கண்ணுக்குக் கீழே. மணிக்கட்டில். எங்கே தேய்ந்திருக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தான். எதையும் விடவில்லை.

குளிர்காலம் முழுவதும் அவள் காத்திருந்தது இதற்குத்தான். வந்ததும் அவளால் அதைத் தாங்க முடியவில்லை. நேற்றுவரை இந்த வீட்டில் ஒருவன் அவளைப் பழையபடி பார்த்துக்கொண்டிருந்தான். நூற்று அறுபது பவுண்டுக்காரியாக. ஜூனில் மோன்டானா போகிறவளாக. அவன் பார்க்காதிருந்ததுதான் அவளுக்கு மிச்சமிருந்த இடம் என்று இப்போது தெரிந்தது. இனி சாப்பாட்டு மேஜையில், சோபாவில், படுக்கையில், எங்கேயும் அவன் இப்படித்தான் பார்ப்பான்.

"அப்படிப் பாக்காத" என்றாள்.

"எப்படி?"

"இப்பப் பாக்குறியே. அப்படி."

அவன் கண்களைத் தாழ்த்தினான். அங்கே மூட்டை இருந்தது. அதை இன்னும் இறுக்கிப் பிடித்தான், மூட்டைக்குள் உப்பு சரசரத்தது.

"கீழ வச்சிடு" என்றாள். "கை வலிக்கும்."

அவன் மேஜையைப் பார்த்தான். மூலையில் இருந்த மற்ற மூட்டைகளைப் பார்த்தான். எதன்மேலும் வைக்கவில்லை.